நீல ஸ்டிக்கர்

அலமாரி மேல் இருந்த இணையப் பெட்டிக்குச் சோம்பல் அதிகம். சுவரைத் துளைத்து வந்த வயரில் இணையம் கொட்டினாலும், வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். இந்தத் தெருவில் தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு.

எதிர் மொட்டைமாடியில் செல்போன் டவர் எழுந்ததும் அந்த நினைப்பில் மண் விழுந்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தும் தமயந்தி, வயர் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"இனிமே பாடம் நடுவுல நின்னா வயரைக் கழட்டிட்டுப் போங்க. எனக்கு டவரே போதும்."

பெட்டிக்கு வியர்த்துவிட்டது. அன்று முதல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது.

"உன்னால என் நிம்மதியே போச்சு," என்று ஒருநாள் ஜன்னல் வழியே டவரைத் திட்டியது.

"எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? நீ துரத்துறதாலதான் நானும் ஓடுறேன்," என்றது டவர்.

ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்து டவரில் நீலப் பலகை மாட்டினார்கள். பிறகு வீட்டுக்குள் வந்து, பெட்டியின் நெற்றியிலும் அதே நீலத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

"உங்க கம்பெனியை எங்க முதலாளி வாங்கிட்டாரு. இனி நமக்கு ஒரே வீடு," என்றது டவர். "எதுக்கு ஓடிக்கிட்டு? படு."

இரண்டும் படுத்தன.

மறுவாரம் பாடம் பாதியில் நின்றது. தமயந்தி போனைப் போட்டு, "வயரைக் கழட்டிட்டுப் போங்க!" என்று கத்தினாள்.

"சரிங்க மேடம்," என்றது மறுமுனைக் குரல், ரொம்பப் பணிவாக. "வயரை மட்டும் நிறுத்தணுமா, இல்ல உங்க போன்ல இருக்கிற டவர் கனெக்‌ஷனையும் சேர்த்தே நிறுத்திடவா?"

அவள் போனை வைத்துவிட்டாள். பெட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. திரையில் பதினோரு பிள்ளைகள் திறந்த வாயோடு உறைந்திருந்தார்கள். அது கண்ணை மூடிக்கொண்டது.