ஏழும் ஐந்தும்

யோகலட்சுமியின் விரல் பன்னிரண்டின் மேல் போய் நின்றது.

பிறகு நகர்ந்து பதினொன்றைத் தொட்டது.

வகுப்பறைத் தொடுதிரையில் பொம்மைக் கரடி தலையைத் தொங்கப்போட்டது. சத்தம் ஏதும் வரவில்லை.

பின்வரிசையில் நின்றிருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். ஏழும் ஐந்தும் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுகிற பிள்ளை அது.

சரியான விடை என்றால் வெடி வெடிக்கும். திரை முழுக்க நிறம் சிதறும். எந்த மகராசன் எந்த ஊரில் உட்கார்ந்து இதை யோசித்தானோ. இது பட்டாசு ஊர். இங்கே வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் கைதட்டுவதில்லை. எந்தப் பக்கம் புகை என்று ஜன்னலைப் பார்ப்பார்கள்.

போன ஆடியில் அப்படிப் பார்த்த புகையில்தான் யோகலட்சுமியின் அம்மா போனாள்.

முதல் கேள்விக்கு யாரோ சரியாகத் தொட, வெடி வெடித்தபோது, யோகலட்சுமி பெஞ்சுக்கு அடியில் குனிந்துகொண்டாள். பென்சில் தேடுவதுபோல.

விளையாட்டை வைத்துப் பாடம் நடத்தச் சொல்லித்தர வந்திருந்த பயிற்றுநர் நல்ல மனிதர்தான். வெளியூர்க்காரர். சத்தத்தை நிறுத்திவிடலாமா என்று டீச்சர் கேட்டாள்.

"சத்தம் இருந்தாத்தான் மேடம் பசங்க ஆசையா விளையாடுவாங்க."

பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு காரணத்தை எந்த வாயால் சொல்வது?

அவர் யோகலட்சுமியை 'மெல்லக் கற்கும் மாணவி' என்று கைபேசியில் குறித்துக்கொண்டார். டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை. யார்மேல் என்று தெரியவில்லை.

சரியான விடை வரும்வரை விளையாட்டு அடுத்த கேள்விக்குப் போகாது. பயிற்றுநர் மாரீஸ்வரனைக் கூப்பிட்டார். கணக்கில் புலி. அவன் திரும்பி யோகலட்சுமியைப் பார்த்தான்.

பதினொன்று.

அடுத்து வந்தவளும் பதினொன்று. அதற்கடுத்தவனும்.

யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. கரடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தது.

பயிற்றுநரின் முகம் வாடிவிட்டது. "என்ன மேடம், ஒருத்தருக்குமே தெரியலையே. ரிப்போர்ட் உங்க பேர்லதான் போகும். நீங்களே வந்து ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, பாத்துக்கட்டும்."

டீச்சர் முன்னால் போனாள்.

மூன்றாம் வகுப்பு மொத்தமும் அவள் விரலையே பார்த்தது. யோகலட்சுமி மட்டும் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள்.

டீச்சர் பதினொன்றைத் தொட்டாள்.