ஒன்றரைப் புள்ளி

பாறை ஒன்றரைப் புள்ளி இறங்கியிருந்தது.

விஜயகலா கண்ணை விலக்கி முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். அதே ஒன்றரை.

அவள் புருஷன் சுரேந்திரன் குரங்கு விரட்ட வாங்கிய எயார் ரைபிளின் ஸ்கோப் அது. துவக்கு பழுதாகி மூலைக்குப் போனது. சுரேந்திரன் கொழும்புக்கு வேலைக்குப் போனான். ஸ்கோப் கண்ணாடி மட்டும் அவளோடு மிஞ்சியது.

உள்ளே ஒரு சிலுவைக் கோடு, கோடு நெடுகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் அழகுக்கு வைத்தவை இல்லை என்று கரவனெல்லயில் துவக்குத் திருத்தும் நிலாம் நானா ஒருமுறை சொன்னார். நூறு மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே பத்துச் சென்ரிமீற்றர் அடங்கும். இருநூறில் இருபது. தூரம் ஏற ஏற அதுவும் ஏறும்.

மழை பிடித்த அன்று, அவள் அந்தக் கண்ணாடியைப் பின் ஜன்னல் விளிம்பில் சீமெந்து வைத்துப் பதித்தாள். இருநூறு மீற்றர் மேலே, தோட்டத்து வீட்டு வரிசையான மேல் லயத்தின் தலைக்கு மேல் தொங்கும் பெரிய பாறையைச் சிலுவையின் நடுவில் நிறுத்தினாள். அதற்குப் பின்னால், தூரத்து மலை முகட்டில் நிற்கும் போன் டவரின் உச்சி, நடுவுக்கு மேலே மூன்றாம் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் மூடுபனியில் டவர் மறைந்தது. பாறை மட்டும் விட்டுவிட்டுத் தெரிந்தது.

நேற்றுக் காலை பாறை அரைப் புள்ளி கீழே இருந்தது.

பத்துச் சென்ரிமீற்றர். அரநாயக்கவில் மலை இறங்கிய வருஷம் நாலு நாள் தோண்டியும் அவளுடைய சித்தி கிடைக்கவில்லை. விஜயகலா செருப்பும் போடாமல் மேல் லயத்துக்கு ஓடினாள்.

"கலாக்கா, கொரங்கு சுடுற கண்ணாடியால மலையவே சுடப் போறீங்களா?" என்று பிரதீபன் சிரித்தான். லயமே சிரித்தது. அவள் சண்டை போட்டாள், அழுதாள், கடைசியில் கிழவி வெள்ளையம்மாவின் பாயைச் சுருட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பாய் போன பிறகு கிழவி வந்தாள். கிழவிக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

பதினேழு பேர். இப்போது அவளுடைய ஒற்றை அறையில், கீழ் லயத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

பின்னேரம் நாலு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. மூன்று நாளில் முதல்முறையாக மூடுபனி விலகி, டவர் தெரிந்தது.

அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இறங்கும் பாறைக்குப் பக்கத்தில் அசையாத ஒன்று நின்றால், யாரும் இனிச் சிரிக்கமாட்டார்கள்.

டவரின் உச்சியைத் தேடினாள். அது மூன்றாம் புள்ளியில் இல்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

ஒன்றரைப் புள்ளி கீழே.

டவர் நாலு கிலோமீற்றர் தூரம். அங்கே ஒன்றரைப் புள்ளி என்றால் ஆறு மீற்றர். ஆறு மீற்றர் இறங்கிய டவர் இப்படி நேராக நிற்காது. சிக்னல் இல்லாமல் பிரதீபனின் போனில் பாட்டும் ஓடாது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விஜயகலா கண்ணை எடுக்கவில்லை. பாறையும் டவரும் ஒரே அளவு இறங்கியிருந்தால், இரண்டும் இறங்கவில்லை. கண்ணாடிதான் மூக்கைத் தூக்கியிருக்கிறது. கண்ணாடி இந்தச் சுவரில் பதிந்திருக்கிறது. சுவர் நிற்பது இந்த மண்ணில்.

நேற்றைய அரைப் புள்ளியும் இந்தச் சுவருடையதுதான்.

"பாறை எவ்வளவு எறங்கிருக்கு, கலா?" வெள்ளையம்மா கேட்டாள்.

"பாறை எறங்கல, அத்தை." அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "எல்லாரும் எழும்புங்க. சாமானை விட்டுடுங்க. பிரதீபா, கதவத் தொற."

பிரதீபன் ஒரு கையால் இழுத்தான். பிறகு இரண்டு கையாலும் இழுத்தான்.

காலையிலிருந்தே அந்தக் கதவு தரையில் உரசிக்கொண்டிருந்தது. மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்று நினைத்து, வந்தவர்களுக்குக் குளிரக் கூடாதென்று, அவளே தோளைக் கொடுத்து அதை முட்டி அடைத்திருந்தாள்.