கட்டைவிரல்

அதிகாரி கண்ணாடி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

இதில்தான் பார்த்தானா என்று கேள், என்றார் ஆங்கிலத்தில். விசாரணைக்கு வந்த டெல்லிக்காரர். தமிழ் தெரியாது.

கேட்டேன்.

எதிரே நின்றவர் என் அப்பா லாசரஸ். முடிச்சூர் பக்கம் இருந்த அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருஷமாகப் பெட்ரோல் ஊற்றுகிறவர்.

நான் மகள் என்பது அதிகாரிக்குத் தெரியாது. "எங்க டைப்பிஸ்ட் சார், பி.ஏ. இங்கிலீஷ்" என்றுதான் மேனேஜர் சம்பந்தம் சொல்லியிருந்தார். உண்மையில் நான் டைப் அடிப்பது மேற்குத் தாம்பரத்தில், ஒரு வக்கீலிடம். அன்று காலை வாசலுக்கே ஜீப் வந்தது. வழியிலேயே மேனேஜர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"ஒரு வார்த்த அப்பிடி இப்பிடி ஆச்சுன்னா உள்ள போறது உங்கப்பன்தான். நீ படிச்சவ. உனக்கு நான் சொல்லணுமா?"

நான் படித்தவள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான்.

"ஆமா மேடம், இதுலதான்" என்றார் அப்பா. மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பதும் மேனேஜர் ஏற்பாடு.

நடந்தது இவ்வளவுதான். 1988 ஐப்பசி. இரண்டு நாள் விடாத மழை. பெட்ரோல் பீப்பாய் வெட்டவெளியில் நனைந்துகொண்டு கிடந்தது. அதற்கு ஒரு கொட்டகை கேட்டு அப்பாவுக்காக நான் எழுதிக் கொடுத்த மனு, இரண்டு வருஷமாக மேனேஜர் மேசையில் கிடந்தது. மழை விட்ட காலையில் சம்பத் என்கிற மாணவன் தனியாகக் கிளம்பினான். இருநூறு அடி உயரத்தில் இஞ்சின் நின்றது. எதிரே வயல். நேராக இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார்கள். அவன் ஓடுதளத்துக்கே திரும்பப் பார்த்தான். விமானம் ஏரிக்கரையில் மூக்கால் குத்தி எரிந்தது.

இருபத்திரண்டு வயது. என் வயது.

இஞ்சின் ஏன் நின்றது என்பதுதான் பாக்கி. அதிகாரியின் படிவத்தில் 'காரணமாக இருக்கக்கூடியது' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அந்த மாதிரிக் கட்டத்தில் கடைசியில் யார் பெயர் வந்து விழும் என்று எனக்குத் தெரியும். கொட்டகை போடாதவன் பெயர் விழாது. ஊற்றியவன் பெயர் விழும்.

பெட்ரோலில் தண்ணீர் இருந்தால் இஞ்சின் நிற்கும். அதற்குத்தான் ஜாடி. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் அடியில் தனியாக உருளும். கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும்.

டேங்க் எரிந்துவிட்டது. பீப்பாயை அன்று மாலையே யாரோ கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அப்பாவின் வாய் மட்டும்.

சம்பத் ஜாடியைப் பார்த்தானா? விமானம் ஓட்டுகிறவன்தான் பார்க்க வேண்டும், விதி அப்படி, என்றார் அதிகாரி.

"அவுரு எங்க மேடம் பாக்கறாரு? யாருமே பாக்க மாட்டாங்கோ. 'இன்னா லாசரஸ் அண்ணா, போலாமா'ன்னு கேக்கும் அந்தப் புள்ள. நான் இப்டி வெரலக் காட்னா ஏறிகினு பூடும்."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காட்டிய விரலை இறக்க மறந்து நின்றார்.

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி வேகமாக எழுதினார். பேனா ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்தது, கட்டம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

கடைசிக் கேள்வி, என்றார். அன்றைக்கு இவன் ஜாடியில் தண்ணீரைப் பார்த்தானா?

"மோந்து பாத்தேன் மேடம். தெனம் மாதிரியே பெட்ரோல் வாசனதான் குப்புனு அடிச்சிச்சு."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம் சார், தண்ணீர் இல்லையாம், என்றேன். என் இங்கிலீஷ் சுத்தமாக இருக்கும்.

அதிகாரி தாளைத் தள்ளினார். அடியில் இருந்த கோட்டைக் காட்டிக் கையெழுத்து கேட்டார். அப்பாவின் கை மேசை விளிம்பைத் தொட்டது. ஜாடியைத் தொட்டது. தாளுக்கு வரவில்லை.

"இவருக்கு எழுதத் தெரியாது சார். கைரேகைதான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது அப்பாவுக்கு விளங்கவில்லை. மையின் ஈரம் விரலில் பட்டதும் விளங்கியது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

ஐந்தாவது படிக்கும்போது சிலேட்டில் அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான். காலேஜில் 'கைநாட்டு மக' என்று சொன்ன ஒருத்தியை அறைந்து பத்து நாள் சஸ்பெண்ட் ஆனவளும் நான்தான். அந்தக் கையெழுத்தை மேனேஜர் பதினோரு வருஷமாக தினம் வருகைப் பதிவேட்டில் பார்க்கிறார். ஒரு வருஷமாக அவர் கட்டத்தை விரலால் தடவித் தேடுவதையும், கையெழுத்து அதற்குள் நிற்காததையும் பார்த்திருப்பார். மைப்பெட்டியை எடுத்து நீட்டியவர் அவர்தான்.

கட்டைவிரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினேன்.

வராந்தாவில் சம்பத்தின் அம்மா உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்து கை கூப்பினார். மகன் அவரைப் பற்றிச் சொல்லியிருப்பான்.

அப்பா நேராகப் போனார். மூன்று படியையும் கால் பழக்கத்தில் இறங்கினார். நான் டைப்பிஸ்ட். கையைப் பிடிக்க முடியாது.

அந்த அம்மாவின் கை கூப்பியபடியே இருந்தது. கூட வந்த பெரியவர் என்னிடம் சொன்னார்:

"என்ன திமிர் பாத்தீங்களாம்மா? பாத்துட்டும் பாக்காத மாதிரி போறான்."

"ஆமா சார்" என்றேன்.