அன்னம் எழுதிய ஜன்னல்

“நண்டு வாங்கிட்டு வந்திருக்கேம்மா. மசாலாவை அள்ளிக் கொட்டச் சொன்னேன், உனக்குத்தான் காரம் உறைக்கணுமே!”

ஜன்னலுக்கு வெளியே, சலவைக்கல் படியில் உட்கார்ந்தபடி காசிமிர் காகிதப் பையைத் தூக்கிக் காட்டினான். உள்ளே ஆடும் நாற்காலியில் இருந்த லொரெய்ன் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. நாற்காலியின் கிறீச்சொலி நின்றால், எழுந்து போய்விட்டாள் என்று நினைத்துக்கொள்வான்.

இருவருக்கும் நடுவே ஒரு கம்பிவலை. அதில் சிவப்புக் கூரை வீடு, குளம், இரண்டு அன்னங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், இந்தப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு இப்படி ஜன்னல் வலையில் படம் எழுதி மாட்டியிருப்பார்கள். தெருவில் போகிறவனுக்குப் படம்தான் தெரியும். உள்ளே இருப்பவளுக்குத் தெரு முழுக்கத் தெரியும். ஊர் வம்பு பார்க்க இதைவிட வசதி எந்த ஊரிலும் கிடையாது.

இன்று அந்தப் படங்களுக்கென்றே திருவிழா. தெருவை அடைத்துக் கடை போட்டிருந்தார்கள். துருவிய ஐஸில் பாகு ஊற்றி, மேலே மார்ஷ்மெல்லோ என்ற வெள்ளை இனிப்புக் கூழ் வழிய வழிய வாங்கிக்கொண்டு, கூட்டம் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனது.

“யார்கிட்ட பேசறீங்க?” ஐஸ் கோப்பையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்.

“எங்கம்மாகிட்ட.”

அவள் குனிந்து வலைக்குள் உற்றுப் பார்த்தாள். “உள்ள ஆளே தெரியலையே?”

“நமக்கு அவ தெரியமாட்டா. அவளுக்கு நாம தெரிவோம். படத்தை மாட்டினதே அதுக்குத்தானே! நீங்க மூக்குல மார்ஷ்மெல்லோவோட நிக்கறதைப் பார்த்து இந்நேரம் சிரிச்சுக்கிட்டிருப்பா.”

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி நகர்ந்தாள். லொரெய்னுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அவனைப் பெற்றவள் இல்லை. பெற்றவளான ஹெலினா செத்து மூன்று வருடம் ஆகிறது. பூட்டிக் கிடந்த வீட்டை, ஆடும் நாற்காலியும் ஜன்னல் படமும் சேர்த்து, லொரெய்ன் விலைக்கு வாங்கியிருந்தாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், பிள்ளைகுட்டி கிடையாது.

வசந்தம் பிறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவன் திடீரென்று படியில் வந்து உட்கார்ந்தான். “அப்பா சாவுக்கு நான் வரலைதான். ‘நான் கூப்பிடற வரைக்கும் வாசப்படி தாண்டாதே’ன்னு போன்ல சொன்னே. தாண்டலம்மா. கப்பல்லயே காலத்தை ஓட்டிட்டேன்” என்று தேம்பினான். ஐம்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுதால் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரமும் வந்தான். அக்கம்பக்கமெல்லாம் புதுக் குடித்தனம்; அவனுக்குச் சொல்ல வேறு ஆளில்லை. போகும்போது படியில் எதையாவது வைத்துவிட்டுப் போவான், ஒரு வாரம் சுட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டி, இன்னொரு வாரம் பீச் பழக் கேக். இன்னொருத்திக்கு வைத்த படையலைத் தின்கிறோமே என்று லொரெய்னுக்கு உறுத்தும். ஆனாலும் தின்றாள். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் ஒரு குரல் ‘அம்மா’ என்று கூப்பிடுவது அவளுக்கும் வேண்டியிருந்தது.

அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அது அவனுக்கு ஒரு குறையாகவும் படவில்லை. பேச்சை நடுவில் நிறுத்துவான், வலைப்பக்கம் காதைச் சாய்ப்பான், தலையாட்டுவான், சிரிப்பான், மறுபடி பேசுவான். கப்பலில் ஒண்டியாகக் கிடந்தவன், தானே கேட்டுத் தானே பதில் சொல்லிப் பழகிவிட்டான் என்று அவளுக்குப் பரிதாபமாக இருக்கும்.

வெளியே காசிமிர் எழுந்தான். அவன் காலடியில் ஒரு பெரிய கித்தான் பை இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“வாடகை அறையைக் காலி பண்ணிட்டேம்மா.” பையைத் தோளில் மாட்டினான். “சரி, உள்ள வரேன்.”

லொரெய்ன் நாற்காலியை விட்டு எழுந்தாள். இனி ஒளிய வழியில்லை. இருந்த இடத்தையும் விட்டுவிட்டு வந்து நிற்கிறான். அவன் தட்டுவதற்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. “நீங்க...?”

“இந்த வீட்டை வாங்கினவ, தம்பி. உங்கம்மா போய் மூணு வருஷமாச்சு. முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது பெரிய பாவம். நீங்க என்ன திட்டினாலும் வாங்கிக்கறேன்.”

நண்டுப் பை அவன் கையிலிருந்து நழுவியது. கத்துவான் என்று பயந்தாள். அவன் கத்தவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

“இத்தனை வாரமும் ஜன்னலுக்குப் பின்னால இருந்தது நீங்கதானா?”

“நான்தான். ஆனா அவங்க மாதிரி நடிச்சு உங்களை ஏமாத்தல, சத்தியமா. சும்மா கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“ஒரு வார்த்தைகூட.”

காசிமிரின் கண்கள் நிறைந்தன. அவன் அவளைத் தாண்டி, ஆளில்லாத அந்த அறைக்குள் பார்த்தான்.

“அப்போ, ‘கோபமெல்லாம் போச்சு, உள்ள வாடா’ன்னு போன வாரம் என்னைக் கூப்பிட்டது யாரு?”