தாழிட மறந்த காவலன்

இருட்டியதும், ஊர் வரலாற்றுக் கண்காட்சிக் கூடத்தின் ஜன்னலில் ‘பரக் பரக்’ என்று ஒரு சத்தம். சின்ன மரக்கோட்டையின் வாசலில் நின்ற களிமண் காவலன் திடுக்கிட்டான்.

குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடி வந்த எலி, அதைக் கீழே வைத்துவிட்டுக் கெஞ்சியது. “அண்ணே, பூனை வருது! உள்ளே விடுங்க.”

“உனக்கு இந்தக் கோட்டைதான் கிடைச்சுதா? பலகையைப் பாரு. ‘காவலன் தாழிட மறந்ததால் வீழ்ந்த கோட்டை.’ படிக்கிறவங்க எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.”

“எனக்கு எங்கண்ணே படிக்கத் தெரியும்? தாழ்ப்பாள் இருக்குல்ல, போடுங்க!”

காவலனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தாயையும் குட்டியையும் உள்ளே தள்ளி, தானும் நுழைந்து கதவைச் சாத்தினான். பூனையின் மூக்கு கதவில் இடித்தது. இத்தனை காலம் கழித்து, கோட்டையின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து ‘டக்’கென்று விழுந்தது.