இரவல் வாள்

வாளின் பிடி எந்தப் பக்கம் இருக்கிறதென்று பார்க்கத்தான் எல்லோரும் கதவருகே முட்டிமோதிக்கொண்டு நின்றோம்.

கடற்படை நீதிமன்றத்தில் நீதிபதி வாய் திறக்கும் முன்பே வாள் தீர்ப்பைச் சொல்லிவிடும். விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் வாள் மேசைமேல் குறுக்காகக் கிடக்கும். முடிவானதும் திருப்பி வைப்பார்கள். அவர் உள்ளே வரும்போது பிடி அவர் பக்கம் இருந்தால் விடுதலை. முனை அவர் பக்கம் இருந்தால் தொலைந்தார்.

லெப்டினன்ட் வென்னிங் தொலைந்தால் உயிரே போகலாம். போர்க்காலத்தில் கலகம் செய்தவனைத் தூக்கில் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அவர் செய்தது இதுதான். ஐஸ்லாந்துக்கு அப்பால், பனிமூட்டத்தில், கேப்டன் லஸ்கம்ப் கப்பலை வடக்கே திருப்பச் சொன்னார். அங்கே நம்மவர்கள் போட்ட கண்ணிவெடிகளே கிடக்கின்றன, போனால் எல்லோரும் சாவோம் என்றார் வென்னிங். கேப்டன் காதில் ஏறவில்லை. நாள்கணக்கில் தூங்காத மனுஷன். வென்னிங் அவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கப்பலைத் தானே இங்கிலாந்துக்கு, எங்கள் பிளிமத் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் இந்த நீதிமன்றத்துச் சுருக்கெழுத்துக்காரி. அடுத்தவர் பேசுவதை எழுத வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் மண்டைக்குள் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது.

அந்த வாள் யாருடையது?

வென்னிங்கிடம் வாள் கிடையாது. போருக்கு முன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். அவரைப் போலப் போருக்கென்று வந்து சேர்ந்தவர்களை யாரும் வாள் வாங்கச் சொல்லவில்லை. முகாமில் பொதுவுக்கு இருந்தவையும் குண்டுவீச்சில் எரிந்து போயின. ஆனாலும் மேசைமேல் வாள் வைக்காமல் ஓர் அதிகாரியை விசாரிக்க மாட்டார்கள். சம்பிரதாயமாம்!

பாவம், இரவல் கேட்டு அறை அறையாக அலைந்தார். கேப்டனைப் பூட்டிவைத்தவனுக்கு வாள் கொடுத்தால் நாமும் அவன் கட்சி என்றாகிவிடுமே? ஒருத்தரும் கொடுக்கவில்லை. ஒருவர் முகத்திலடித்தாற்போலக் கதவைச் சாத்தினாராம்.

விசாரணை தொடங்கிய காலையில் பார்த்தால், மேசைமேல் வாள்.

"நாடகக் கொட்டகையில வாடகைக்கு எடுத்திருப்பாருடி," என்றாள் மேவிஸ். நீதிபதிகளுக்கு டீ கொண்டுபோகிறவள்.

"அது தகர வாளா? பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"அப்போ எவளோ ஒரு அட்மிரல் பொண்டாட்டி குடுத்திருப்பா. ஆளு லட்சணமாத்தானே இருக்காரு!"

காவலுக்கு நின்ற சார்ஜென்ட்டிடம் வாயைக் கிளறிப் பார்த்தேன். சிரித்து மழுப்பிவிட்டார். நீதிபதிகளின் முகத்தை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். பாதிரியாரைக்கூடச் சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். கடற்படை வாளெல்லாம் ஒரே அச்சு, பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

இதற்கிடையே கேப்டன் லஸ்கம்ப் சாட்சி சொன்னார். தான் அன்றைக்குத் தெளிவாகத்தான் இருந்ததாகச் சத்தியம் செய்தார். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று வென்னிங்கின் வக்கீல் கேட்டார். கேப்டன் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். பென்சிலைப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். ஞாபகம் இல்லை என்று கடைசியில் அவர் சொன்னதை எழுதவே எனக்கு மனசு வரவில்லை.

ஏனென்றால் இரண்டு பேரில் ஒருவர்தான் தப்ப முடியும். வென்னிங் செய்தது சரி என்றாகிவிட்டால், கப்பலைச் சாவுக்குத் திருப்பியதற்குக் கேப்டன் இதே மேசைக்கு முன் நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

கதவு திறந்தது. முதலில் எங்களை உள்ளே விட்டார்கள்.

மேசையைப் பார்த்தேன். அம்மாடி என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

இரண்டு காவலர்களுக்கு நடுவே வென்னிங் வந்தார். தலையைக் குனிந்தபடி வந்து நின்றவர் நிமிரவே இல்லை. பாரேன் ஐயா, பாரேன் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் பார்த்தார்.

பிடி அவர் பக்கம் இருந்தது.

தலைமை நீதிபதி படித்த தீர்ப்பு அவர் காதில் விழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. வாளை எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. எடுத்தார். அப்படியே வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

போகவில்லை. திரும்பிச் சாட்சிகளின் பெஞ்சை நோக்கி நடந்தார். அங்கே ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யாரும் இல்லாமல். போச்சு, அடிதடியாகப் போகிறது என்று பயந்தேன்.

வென்னிங் அவர் முன்னால் போய் நின்று, வாளை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார்.

"ரொம்ப நன்றி, சார்."

கேப்டன் லஸ்கம்ப் எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

"கொடு, வென்னிங். அடுத்த வாரம் எனக்கு வேணும்."