மூன்றாவது சார்ஜர்

"ஏனுங்க, மெஷினு பச்சை லைட்டு போட்டுக்கிட்டு நிக்குது, கரண்டு மட்டும் தரமாட்டேங்குது. கேக்கறதுக்கு இங்க ஆளு இருக்குதா, இல்லியா?"

கந்தவேல் போட்ட சத்தத்தில், சங்ககிரிச் சாலையோர சார்ஜிங் நிலையத்தின் வாட்ச்மேன் காளியண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"ஒயர் முனைல இருக்கற இந்தக் கன்னை வண்டில மாட்டுனா அதுவே ஏறோணுமுங்க. காலைல இருந்து நல்லாத்தானுங்க..."

"என்னத்த நல்லா? 'இணைப்பு இல்லை'ன்னு எழுதிக் காட்டுது பாருங்க!"

காளியண்ணன் காரருகே குனியப் போனார்.

"வண்டியத் தொடாதீங்க! நேத்துத்தான் எடுத்தது" என்று கந்தவேல் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

எருமப்பட்டிக் கந்தவேல் லாரி முதலாளி. மச்சினன் கல்யாணத்தில் போய் கெத்தாக இறங்க வேண்டும் என்றே இந்த மின்சாரக் காரை வாங்கினார். லாரிக்காரர் வழக்கப்படி பம்பரில் தொடங்கி ஒரு இடம் விடாமல் தன் கையாலேயே பூசை போட்டார். அப்புறம் சொந்தக்காரர் வாசல்தோறும் நிறுத்திக் காட்டியதில் பேட்டரி இறங்கிவிட்டது. வீட்டில் சார்ஜர் மாட்டும் ஆள் அடுத்த வாரம்தான் வருவானாம். வழியெல்லாம் சார்ஜர் இருக்கிறது என்ற விளம்பரத்தை நம்பிக் கிளம்பினார்.

நாமக்கல் பைபாஸில் ஏறவில்லை. திருச்செங்கோட்டிலும் ஏறவில்லை. இது மூன்றாவது. இதற்குமேல் எடப்பாடி வரை வண்டி போகாது.

காருக்குள்ளிருந்து அவர் மனைவி அகல்யா எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அம்மா மறுக்காவும் கூப்புடறாங்க. சீர் பண்றவரு வந்து உக்காந்துட்டாராமா. நான் போவாம எப்படிங்க?"

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் நின்றால்தான் இணைச்சீர் நடக்கும். கல்யாணச் சேலைப் பெட்டியை மடியில் அணைத்தபடி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் கந்தவேலுக்கு ரத்தம் கொதித்தது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்று சொல்லிவிட்டு அது பாட்டுப் பாடியது. முக்கியம் என்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! ரொம்ப நேரம் கழித்து ஒரு பெண் லைனில் வந்தாள்.

"சார், எங்க சிஸ்டத்துல மெஷின் நல்லா இருக்குன்னு காட்டுது சார்."

"கல்யாணம் உங்க சிஸ்டத்துல நடக்கலீங்கம்மா, எடப்பாடியில நடக்குது!"

"புகார் பதிஞ்சிருக்கேன் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனைக் காரின் மேல் அறையப் போனவர், புது வண்டி என்பது நினைவுக்கு வர, கையை இறக்கினார்.

மெஷினுக்குப் பக்கத்தில் திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரம் காய்ந்து தொங்கியது. மெஷினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை.

"பாருங்க இந்த அநியாயத்த! டீசல் தீந்துபோனா பெட்ரோல் பங்க்காரன் மரியாதையா இல்லைன்னு போர்டு வெப்பான். இவனுக இருக்குதுன்னு பச்சை லைட்டப் போட்டுட்டு மனுசன நடுரோட்டுல நிறுத்தறானுக. ரிப்பன் வெட்ட ஆளு இருக்குது, பொட்டு வெக்க ஆளு இருக்குது, பழுது பாக்க மட்டும் ஆளில்லை!"

காளியண்ணன் தலையைச் சொறிந்தார். பாவம், அவர் என்ன செய்வார்?

லாரி உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு கந்தவேல் குரல்செய்தி அனுப்பினார். "சங்ககிரில இருக்கறவங்க அத்தனை பேரும் வாங்க. ஊரை ஏமாத்தற இந்தக் கடைய இழுத்து மூடாம நான் நகர மாட்டேன்!"

லாரிக்காரர்கள் சொன்னால் சொன்னதுதான். கொஞ்ச நேரத்தில் நாலைந்து கார்களில் வந்து இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"மொதல்ல தங்கச்சி கெளம்பட்டும்" என்றார் அவர்களில் மூத்தவரான பெரியசாமி. "என்ர வண்டில டிரைவர் இருக்கறான். நேரத்துக்குக் கொண்டுபோய் உட்ருவான்."

"நீங்க வரலீங்களா?" என்றாள் அகல்யா.

"நீ போ. இவனுகள ஒரு வழி பண்ணிட்டு வாரேன்."

அகல்யா போனதும் கோஷம் கிளம்பியது. ஒருவர் கல்லை உருட்டி வந்து வாசலில் போட்டார்.

"என்ர பொழப்புப் போயிருமுங்க" என்று காளியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போவட்டும்! ஓடாத மெஷினுக்குக் காவல் எதுக்கு?" என்றார் கந்தவேல்.

அப்போது இன்னொரு மின்சாரக் கார் வந்தது. ஓட்டி வந்த பெண் கல்லைச் சுற்றி வண்டியை விட்டு, நேராக மெஷின் பக்கத்தில் நிறுத்தி இறங்கினாள்.

"வேண்டாம்மா, அது செத்த மெஷினு" என்றார் பெரியசாமி.

அவள் கன்னை எடுத்துத் தன் வண்டியில் மாட்டினாள். மெஷின் உறுமியது. திரையில் எண்கள் கிடுகிடுவென்று ஏறின.

கோஷம் அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் கந்தவேலைப் பார்த்தார்கள்.

"என்னங்க மாப்ளே, இந்தம்மாவுக்கு ஏறுது?" என்றார் பெரியசாமி.

"அதானே!" என்று கந்தவேல் விறுவிறுவென்று தன் காருக்குப் போய், சார்ஜ் போடும் இடத்தின் மூடியைத் திறந்தார். மூன்று ஊரிலும் கோபத்தோடு கன்னைச் செருகியவர், இப்போதுதான் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து உள்ளே பார்த்தார்.

பூசையின்போது லாரியின் டீசல் டேங்க் வாய்க்குப் பொட்டு வைக்கும் அதே பழக்கத்தில், நேற்று அவரே ஒரு குழி விடாமல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமத்தோடு கல்லாகக் காய்ந்து கிடந்தது.